அம்மாவின் ஈறு தேறிவிட்டது, உங்கள் எல்லாருக்கும் நன்றி

முக்கூடலில் இருந்து எழுதுகிறேன். போன தைக்கு அம்மாவால் பனங்கிழங்கைக் கடிக்க முடியவில்லை, இடித்துத்தான் கொடுத்தோம். இந்தத் தைக்கு அவித்த கிழங்கைப் பிளந்து, நாரை உரித்துப் போட்டுவிட்டு, முன்பல்லால் கடித்துத் தின்றாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று இருந்தது.

முதல் நன்றி மைனிக்கு. தலையணை உறையைத் துவைக்கப் போட்டபோது துருக்கறை மாதிரி இருந்த புள்ளிகளைப் பார்த்து, "அத்தை, இது எங்க உள்ள ரத்தம்?" என்று விடாமல் கேட்டது நீங்கள்தான். பல் தேய்த்தால் ரத்தம் வருவதை அம்மா வருஷக்கணக்காக யாரிடமும் சொன்னதில்லை. வயசானால் எல்லாருக்கும் வருவதுதானே என்று உப்புத்தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, பீடிச் சொளவை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். வலி கூடினால் மெடிக்கலில் மாத்திரை. நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதை நினைத்தால் இப்போதும் மனசு சங்கடப்படுகிறது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து சுகர் பார்க்கும் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? மாத்திரை ஒழுங்காகப் போட்டும் சுகர் இறங்கவில்லை என்றதும் "வாயை ஒருதரம் திறங்கம்மா" என்றீர்கள். சுகர் கூடினால் ஈறு கெடும், ஈறு புண்ணாகவே கிடந்தால் சுகரும் கட்டுக்குள் வராது என்று நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கே பல் டாக்டரிடம் போகச் சொன்னீர்கள்.

பாளையங்கோட்டை டாக்டரம்மா, நீங்கள் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிசுக் கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு "மூணு, மூணு, ஆறு" என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற பிள்ளை எழுதிக்கொண்டே வந்தது. மூன்று வரைக்கும் சரி, ஆறு என்றால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பையாகிவிட்டது, உள்ளே எலும்பும் கரைந்திருக்கும் என்று விளக்கினீர்கள். அம்மாவுக்கு ஒரே பயம், சுத்தம் பண்ணினால் பல் ஆடிப்போகும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்களே. நீங்கள் கோபப்படவே இல்லை. பல்லில் படிந்து இறுகிப்போன காரையைச் சுரண்டி, அதில் ஒரு துண்டைப் பஞ்சில் வைத்துக் காட்டினீர்கள், கிளிஞ்சல் உடைந்த மாதிரி கறுத்துப்போய் இருந்தது. "எலும்பு கரைஞ்சதாலதாம்மா பல்லு ஆடுது. இந்தக் காரை இத்தன நாளா முட்டுக் கொடுத்து அதை மறைச்சுட்டு இருந்துச்சு." அதற்கப்புறம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, நாலு தடவையாக ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தீர்கள். இரண்டு கடைவாய்ப் பற்களைக் காப்பாற்ற முடியாது, போன எலும்பு தானாகத் திரும்ப வளராது என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஆறு இருந்த இடத்தில் நாலு. ரத்தம் நின்றிருந்தது.

அந்த எழுதின பிள்ளைக்கும் நன்றி. மெத்தென்ற பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் தேய்க்க அம்மா கையைப் பிடித்துப் பழக்கினாயே தாயி, பல் இடுக்குக்கு அந்தக் குட்டிப் பிரஷ்ஷையும் விடச் சொல்லிக் கொடுத்தாயே, அம்மா இப்போது ராத்திரி அதைச் செய்யாமல் படுப்பதில்லை. கொப்பளிக்கும் மருந்தை இரண்டு வாரத்தோடு நிறுத்தச் சொன்னதையும் அப்படியே கேட்டாள்.

எதிர்வீட்டு ஆச்சி, உங்களை நினைத்தால்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. முப்பது வருஷமாக ஒரே திண்ணையில் இலை வெட்டி, ஒரே டப்பாவில் வெற்றிலை போட்டவர்கள் நீங்கள் இரண்டு பேரும். அம்மா புகையிலையை விட வேண்டும் என்றதும், வாசனை வந்தால் அவளுக்கு ஆசை வந்துவிடும் என்று நீங்களும் அன்றைக்கே நிறுத்தினீர்கள். பாளைக்குப் போன நாளெல்லாம் திண்ணையில் இருந்த நீங்கள் அத்தனை பேரும் அம்மா பங்குப் பீடியையும் சுற்றிக் கடையில் கணக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டீர்கள்.

எல்லார் வீட்டுக்கும் ஒரு கட்டுக் கிழங்கு கொடுத்தாயிற்று, டாக்டரம்மாவுக்குப் போன வாரமே போய்விட்டது. சுகர் அக்கா, உங்கள் கட்டு மட்டும் இன்னும் இங்கேதான் இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.