'தயாரானதும் அழைத்து வாருங்கள்': மழலையர் பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மழலையர் பள்ளிகளையும் முன்பருவக் கல்வி மையங்களையும் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனுடைய சிறு குழந்தைகளுடன் பணியாற்றும் சிறப்புக் கல்வியாளர் நான். சேர்க்கை கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு வரும் பெற்றோருக்குத் துணையாகப் பலமுறை வந்து உட்கார்ந்திருக்கிறேன். "இந்தக் குழந்தை எங்களுக்கு வேண்டாம்" என்று எவரும் முகத்துக்கு நேரே சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் பண்பாகவே பேசுகிறார்கள். "இன்னும் கொஞ்சம் பேச்சு வரட்டும்", "கழிவறைப் பழக்கம் வந்ததும் அழைத்து வாருங்கள்", "கொஞ்ச நேரமாவது ஓரிடத்தில் உட்காரப் பழகட்டும், அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்கிறார்கள். பெற்றோரும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். அடுத்த ஆண்டும் அதே பதில்தான் கிடைக்கிறது.

மூன்று வயதுக் குழந்தைக்கு ஓராண்டு என்பது அது வாழ்ந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவைக்கிறோம்.

நீங்கள் கேட்கும் நிபந்தனைகளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பேச வேண்டும், கூட்டமாக உட்கார வேண்டும், தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், தேவையைச் சொல்லிக் கேட்க வேண்டும். இவற்றைக் கற்றுக்கொடுக்கத்தானே முன்பருவக் கல்வியே இருக்கிறது? எல்லாம் கற்றுக்கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றால், வேறெங்கோ கற்ற குழந்தைக்கு நீங்கள் சான்றிதழ் மட்டும் தருகிறீர்கள் என்றாகிறது. மற்றக் குழந்தைகளின் நடுவில் இருக்கும்போதுதான் ஒரு குழந்தைக்குப் பேசவேண்டிய தேவையே வருகிறது. பந்தைப் பிடுங்கிக்கொண்டவனிடம் கேட்டு வாங்க வேண்டிய கட்டாயம் வீட்டில் எங்கே இருக்கிறது? வாரத்துக்கு ஒரு மணி நேரம் பயிற்சியாளர் அறையில் இருப்பதால் இதை ஈடுகட்ட முடியாது. அந்தப் பயிற்சிகளை அளிக்கும் துறையில் இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

உங்களில் பலருடைய பள்ளிப் பலகையில் மாண்டிசோரி என்ற பெயர் இருக்கிறது. இந்தக் கல்வி முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அதே நகரில் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பள்ளியில்தான் பணியாற்றினார். எதுவார் செகென் என்ற பிரெஞ்சு மருத்துவர் அத்தகைய குழந்தைகளுக்காக உருவாக்கிய கருவிகளை எடுத்து வளர்த்தார். அந்தக் குழந்தைகள் கற்றதைப் பார்த்த பிறகே, இதே முறை எல்லாக் குழந்தைகளுக்கும் ஏன் உதவாது என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. இன்று உங்கள் அலமாரியில் இருக்கும் கற்றல் கருவிகள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது. யாரை வைத்து அந்த முறை பிறந்ததோ அவர்களுக்கே அந்தப் பள்ளியில் இடமில்லை என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கமல்ல. ஆனாலும் இது உங்கள் கருணையைச் சார்ந்த விஷயம் என்ற எண்ணம் இருந்தால் அது மாற வேண்டும். 1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, சாதாரணப் பள்ளிகள் எல்லாக் குழந்தைகளையும் ஏற்க வேண்டும் என்று அறிவித்தார்கள். 2006-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, கல்வியின் எல்லா நிலைகளிலும் அனைவரையும் உள்ளடக்கிய முறையை உரிமையாக்கியது. தேவையான மாற்றங்களைச் செய்துதரும் பொறுப்பும் அதில் அடங்கும். அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்காக 1965-இல் தொடங்கிய 'ஹெட் ஸ்டார்ட்' திட்டத்தில், குறைந்தது 10 விழுக்காட்டு இடங்கள் மாற்றுத்திறனுடைய குழந்தைகளுக்கு என்று 1972-லேயே சட்டமாக்கிவிட்டார்கள். புதிதாக எதையும் நான் கேட்கவில்லை.

உலகில் ஏறத்தாழ 24 கோடிக் குழந்தைகள், அதாவது பத்தில் ஒருவர், ஏதோவொரு மாற்றுத்திறனுடன் வாழ்வதாக யுனிசெஃப் 2021-இல் மதிப்பிட்டது. மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் இவர்கள் பள்ளிப் பக்கமே போகாதிருக்கும் வாய்ப்பு 49 விழுக்காடு அதிகம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. உங்கள் பள்ளியில் நூறு குழந்தைகள் இருந்தும் அவர்களில் ஒருவர்கூட இப்படி இல்லையென்றால், அது தற்செயலாக நேர்ந்திருக்காது.

"எங்களிடம் வசதி இல்லை, பயிற்சி பெற்ற ஆள் இல்லை" என்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. ஒரு ஆசிரியரிடம் முப்பது குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு அவரிடமே எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது அநியாயம். அந்த எண்ணிக்கை மற்ற இருபத்தொன்பது குழந்தைகளுக்கும் அநியாயமே என்பது வேறு விஷயம். ஆனால் வசதி என்றவுடன் சாய்தளம், மின்தூக்கி, தனி அறை, விலையுயர்ந்த கருவி என்று உங்கள் மனம் ஓடுகிறது. சாய்தளம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாள்தோறும் தேவைப்படுபவற்றில் பெரும்பாலானவை கட்டடத்தைத் தொடாதவை.

காது கேட்கும் கருவி அணிந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கருவி ஆசிரியரின் குரலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெருக்குவதில்லை. நாற்காலி இழுபடும் ஓசையும் மின்விசிறியின் இரைச்சலும் அதனுடன் சேர்ந்து கூடிவிடுகின்றன. நாற்காலிக் கால்களுக்குத் துணி உறை போடுங்கள். ஆசிரியருக்கு அருகில், அவர் முகம் தெரியும்படி குழந்தையை உட்காரவையுங்கள். ஆசிரியர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் நிழலாகிவிடும், உதட்டசைவு தெரியாது. இடம் மாறி நிற்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. காலையில் கருவியின் மின்கலம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததால் நாள் முழுவதும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்து, 'கவனம் இல்லை' என்று பெயரும் வாங்கிய குழந்தைகள் உண்டு.

உடல் அசைவைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு நாற்காலி உயரமாக இருந்து கால்கள் தொங்கினால், விழாமல் இருப்பதற்கே அதன் பலம் முழுவதும் செலவாகிவிடும். பிறகு கையால் வண்ணக்குச்சியைப் பிடிப்பது எப்படி? பாதத்துக்கு அடியில் ஒரு பலகைக் கட்டை, பக்கவாட்டில் சுருட்டிய துண்டு என்று வைத்துவிட்டாலே பல நேரங்களில் கை விடுபடுகிறது. எந்தக் குழந்தைக்கு எப்படி என்பதை இயன்முறை மருத்துவர் ஒருமுறை வந்து காட்டினால் போதும்.

ஆட்டிசம் உள்ள குழந்தையின் 'பிடிவாதம்' பற்றி அதிகம் கேட்கிறேன். எப்போது அழுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு செயலை முடித்து இன்னொன்றுக்குப் போகும் நேரமாகவே இருக்கிறது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் திடீரென்று மணி அடித்து எழுப்பினால் யாருக்குத்தான் பதற்றம் வராது? அன்றைய நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசையில் ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிடச் சொல்லுங்கள். மணிக்குப் பதிலாக ஒரே பாட்டைப் பாடுங்கள். இரைச்சல் தாங்காதபோது போய் உட்கார ஒரு மூலை வேண்டும். அந்த மூலையைத் தண்டனைக்காக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அந்தப் படவரிசையை முதலில் போய்ப் பார்ப்பவர்கள் எந்தக் குறைபாடும் இல்லாத மற்றப் பிள்ளைகள் என்பதையும் சீக்கிரமே கவனிப்பீர்கள்.

பேச்சு வராத குழந்தைக்குப் படங்களையோ சைகைகளையோ பழக்கினால் பிறகு பேசவே பேசாது என்ற அச்சம் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் வேரூன்றியிருக்கிறது. அது தவறு. படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை. பல குழந்தைகளுக்கு அவை பேச்சுக்கு வழிகாட்டவும் செய்கின்றன. அதோடு, கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். நாம் இரண்டு எண்ணுவதற்குள் பதிலை நாமே சொல்லிவிடுகிறோம்.

இனி, துணை ஆள் விஷயம். பெற்றோரே சம்பளம் கொடுத்து ஒருவரை அனுப்பினால்தான் சேர்ப்போம் என்று சில பள்ளிகள் சொல்கின்றன. பல வீடுகளில் இது தாயின் வேலையைப் பறிக்கிறது. அவரே வந்து வகுப்புக்கு வெளியே நாள் முழுவதும் காத்திருக்கிறார். துணை ஆள் தேவைப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒட்டிக்கொண்டே இருக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், மற்றக் குழந்தைகள் அந்தக் குழந்தையிடம் பேசாமல் பெரியவரிடம் பேசுகிறார்கள். ஆசிரியரும் 'அந்தக் குழந்தைக்குத்தான் ஒருவர் இருக்கிறாரே' என்று விட்டுவிடுகிறார். ஒரே அறையில் இரண்டு வகுப்புகள் நடக்கின்றன. துணை ஆள் வகுப்புக்கு உரியவராக இருக்கட்டும். பள்ளி அவரை அமர்த்தட்டும். மற்றக் குழந்தைகளுக்கும் உதவட்டும். தேவைப்படும் நிமிடத்தில் நெருங்கி, மற்ற நேரத்தில் ஒதுங்கத் தெரிந்தவர்தான் நல்ல துணை. அவருக்குத் தரும் பயிற்சியின் பாதியை இந்த ஒதுங்குதலுக்கே ஒதுக்கலாம்.

வலிப்பு வரும் குழந்தையைச் சேர்க்க அஞ்சுகிறீர்கள். அது இயல்பான அச்சம். சேர்க்கும் நாளிலேயே மருத்துவர் எழுதித் தந்த குறிப்பு ஒன்றைப் பெற்றுச் சுவரில் மாட்டாமல் ஆசிரியர் கைக்கெட்டும் கோப்பில் வையுங்கள். வலிப்பு வந்தால் தலைக்கடியில் மென்மையாக எதையாவது வைத்துப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர உதவியை அழைக்க வேண்டும். ஆயாம்மா முதல் வாகன ஓட்டுநர் வரை எல்லோருக்கும் இது தெரிந்திருந்தால் அச்சம் பாதியாகக் குறையும்.

மற்றப் பெற்றோர் என்ன சொல்வார்கள் என்ற கவலையை உங்களில் சிலர் என்னிடம் தணிந்த குரலில் சொல்லியிருக்கிறீர்கள். சிலர் சொல்லத்தான் செய்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு நிர்வாகத்துடையது, வகுப்பு ஆசிரியருடையது அல்ல. மூன்று வயதுக் குழந்தைகளுக்கு இந்தத் தயக்கம் பொதுவாக இருப்பதில்லை, "அவன் ஏன் பேச மாட்டேன் என்கிறான்?" என்று கேட்பார்கள், "அவன் படத்தைக் காட்டிப் பேசுவான்" என்றால் போய்ப் படத்தைக் காட்டுவார்கள்.

அடுத்த சேர்க்கைக்கான விண்ணப்பப் படிவத்தை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள் என்று கேட்கிறேன். கழிவறைப் பழக்கம், தெளிவான பேச்சு ஆகியவற்றை நிபந்தனையாக வைக்கும் வரிகளை நீக்குங்கள். அங்கே, 'உங்கள் குழந்தை எதில் மகிழ்கிறது, எதற்கு அஞ்சுகிறது, தேவையை எப்படித் தெரிவிக்கிறது, நாங்கள் என்ன செய்ய வேண்டும்' என்று கேளுங்கள். மருத்துவச் சான்றிதழ் வரும்வரை சேர்க்கையை நிறுத்திவைக்காதீர்கள். பெயர் தெரியாத சிரமத்துக்கும் உதவி தேவைப்படும். வாரத்தில் ஒருநாள், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, ஆசிரியர்கள் உட்கார்ந்து திட்டமிட அரை மணி நேரம் கொடுங்கள்; அதை அவர்களுடைய வேலை நேரத்தில் கொடுங்கள். பெற்றோர் கையேட்டில் அன்றாடம் புகார்களை எழுதி அனுப்பும் வழக்கத்தை நிறுத்தி, அன்று குழந்தை செய்த ஒன்றை எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே திருப்பி அனுப்பிய குடும்பங்களின் தொலைபேசி எண்கள் உங்கள் பழைய பதிவேட்டில் இருக்கும். இந்த வாரமே அவர்களை அழையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறப்புக் கல்வியாளர்