எந்த நீதிமன்றம் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘முதல் தடவை, முதல் தடவை என்று சலுகை காட்டியே நீதிமன்றங்கள் கஞ்சாவை வளர்த்துவிட்டன’ என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். அது எந்த நீதிமன்றம் என்று விலாசம் கொடுத்தால், ராயபுரத்தில் பஸ் ஏறி நேரில் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவேன்.

என் தம்பி மகன் சட்டைப் பையில் ஒரு பொட்டலம், 40 கிராம். அப்போது அவனுக்கு 19 வயது. ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’ என்கிறது சட்டம். ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் கிடைக்கவே 38 நாள் ஆயிற்று. வாராவாரம் மனு போட்டுப் பார்க்கப் போவேன். முதல் வாரம் அழுதான். நாலாவது வாரம், ‘உள்ளே ஒரு அண்ணன் பழக்கம் பெரியப்பா, வெளியே வந்ததும் வேலை தர்றேன்னு சொல்லியிருக்காரு’ என்றான். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றார் வக்கீல். முடிந்தது. கப்பலில் கிடைக்க இருந்த வேலையும் அதோடு முடிந்தது.

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவு தாங்கள் அறியாததா? சிறிய அளவோடு பிடிபட்டவன் போதைக்கு அடிமை என்றால், அவன் சம்மதத்தோடு சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம். தானாகவே சிகிச்சைக்குப் போய் அதை முடிப்பவன் மேல் வழக்கே கூடாது என்கிறது 64ஏ. எங்கள் வழக்கில் இந்த இரண்டு எண்ணையும் ஒருவர்கூட உச்சரிக்கவில்லை, நாங்கள் காசு கொடுத்த வக்கீல் உட்பட.

முதன்முதலாகத் திருடியவனை 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி வீட்டுக்கு அனுப்பலாம். பொட்டலம் வைத்திருந்தவன் 18 வயதைத் தாண்டிவிட்டால் அந்தக் கதவைப் போதைப்பொருள் சட்டத்தின் 33ஆம் பிரிவு சாத்திவிடுகிறது. ஆக, அடிமையானவனுக்கு ஆஸ்பத்திரி, இன்னும் ஆகாதவனுக்கு ஜெயில்! குடித்துவிட்டு நடுத்தெருவில் கலாட்டா செய்பவனுக்கோ அதிகபட்சம் 24 மணி நேரம். 2024 ஜூலை முதல் சமூக சேவையே போதும். அந்தச் சரக்கை 2003லிருந்து சில்லறைக்கு விற்பது யார் என்று தலையங்கத்தில் தேடினேன். காணோம்.

இன்னொன்று. பண்ணை வீட்டு விருந்தில் பிடிபட்டால் உங்கள் பக்கத்தில் அவர்கள் ‘மாணவர்கள்’. எங்கள் தெருவில் பிடிபட்டால் ‘கஞ்சா ஆசாமி’, அப்பன் பெயரோடு, தெருப் பெயரோடு. இரண்டு வருஷம் முன்பே இதை எழுதினேன். மெரினா குதிரைகளைப் பற்றி நான் எழுதியதைப் போட்டீர்கள், இதைப் போடவில்லை.

39, 64ஏ இரண்டையும், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும் நாலு வரியில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தால்கூடப் போதும்.

என் பெயரைப் போட வேண்டாம். பையன் இந்தத் தெருவில்தான் நடமாட வேண்டும்.

வாசகர்,
ராயபுரம், சென்னை-13