எனக்கும் ஒண்ணு கிழிங்கண்ணே

அன்புள்ள செந்திலுக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம் கண்ணு.

போன வருஷம் பிட்ஸ்பர்க் வந்தபோது ஹோம்ஸ்டெட் மாலுக்குக் கூட்டிப்போனாயே, 12 செங்கல் புகைபோக்கிகள் வரிசையாக நிற்குமே, பழைய கார்னகி எஃகு ஆலை இருந்த இடம். நீ காரிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டாய். நான் ஆற்றோரமாகப் பழைய பம்ப் ஹவுஸ் வரை நடந்தேன். 1892இல் ஆலைத் தொழிலாளர்கள் ஸ்டிரைக்கில் இருந்தபோது, ஜூலை 6 விடிகாலையில், ஆலையை நடத்திய ஃப்ரிக் வரவழைத்த 300 பிங்கர்டன் ஆட்கள் (கூலிக்கு வரும் தனியார் காவல் படை) இரண்டு படகுகளில் வந்து இறங்கப் பார்த்தது அங்கேதான். ஊரே திரண்டு தடுத்தது. இரண்டு பக்கமும் சாவு. முதலாளி கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில். கடைசியில் மாநிலப் படை வந்தது, நவம்பரில் ஸ்டிரைக் தோற்றது, யூனியனும் போயிற்று.

அப்புறம் 12 மணி நேர ஷிப்ட்தான். பகல் ஷிப்ட் இரவுக்கு மாறும்போது ஒரேயடியாக 24 மணி நேரம். 1923 வரை இந்தக் கூத்து. நம்ம ஜாம்ஷெட்பூர் டாடா எஃகு ஆலையில் 1912லேயே எட்டு மணி நேரம் வந்துவிட்டது (அதற்காக 1920இல் அங்கே ஸ்டிரைக் வராமல் இல்லை). நான் 16 மணி நேரம் டபுள் ஷிப்ட் பார்த்தவன். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் கை நம் கையாக இருக்காது. சட்டை முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. ஹோம்ஸ்டெட்டின் 3,800 பேரில் யூனியன் ஆட்கள் 800 பேர் இருந்தாலே அதிகம். அது தேர்ந்த தொழிலாளிகளின் சங்கம், கூலிக்காரனுக்கு அதில் இடமில்லை. இருந்தும் அந்தக் கூலிக்காரர்களும் வேலையை விட்டு வந்து கூட நின்றார்கள்.

எங்கள் ஆலையில் நாங்கள் என்ன செய்தோம்? காண்ட்ராக்ட் ஆட்களை யூனியனில் சேர்க்கவில்லை. கசடு அள்ளுகிற பையன் ஒருவன் கேன்டீனில் என் சந்தா ரசீது புத்தகத்தைப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு கிழிங்கண்ணே" என்றான். "உனக்கு வராதுப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். போனஸ் வாங்கிய அன்று அவனுக்கு லட்டு மட்டும் கொடுத்தோம்.

உன் டீமில் அந்தக் காண்ட்ராக்ட் பையனை வேலையிலிருந்து நிறுத்தியதைச் சொன்னபோது, "அவன் எங்க எம்ப்ளாயி இல்லப்பா" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அவனுக்கு ஒரு போன் பண்ணினாயா? விசாவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறதாம்?

அப்பா