வீட்டுக்குள் வரும் கேமராவை அணைக்கும் உரிமை யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஒரு நாள் விடியற்காலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை செய்த வேலைகளை அரைமணி வாரியாகக் கேட்டுப் பதிகிறது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. மிகவும் தேவையான கணக்கு இது. ஆனால், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே முற்றத்துக் கருவாட்டைப் புரட்டிப் போட்டு, காக்கையை விரட்டி, இடுப்பில் பிள்ளையோடு ஓடித் தண்ணீர் வண்டிக்குக் குடம் வைத்துவிட்டு, கடற்பாசி எடுக்கையில் விரல்களில் சுற்றிக்கொள்ளும் துணியையும் தேடி எடுத்து வைக்கும் பாம்பன் பெண்ணிடம் மறுநாள் கேட்டால், "சோறாக்குனேன்" என்றுதான் சொல்வார்.

இந்த இடைவெளியை நிரப்ப, வீட்டுக்குள் கேமரா வைத்து அன்றாட வேலைகளைப் படம்பிடிக்கும் காணொளி ஆய்வு உதவும் என்பதே என் உறுதியான கருத்து. லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் 32 குடும்பங்களின் அன்றாட வாழ்வைப் படம்பிடித்தபோது, கேமராவை வீட்டாரிடமே கொடுத்து, வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசவும் சொன்னார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வழக்கத்தைத்தான்.

ஏனெனில், நம் கடற்கரையில் பல வீடுகள் ஒரே அறை கொண்டவை. உடை மாற்றுவதும், தவணை கேட்டு வருபவரிடம் கெஞ்சுவதும் அந்த ஓர் அறையில்தான் நடக்கும். அதைவிடக் கவலை தருவது வேறொன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அந்தத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுப்பதற்கு வனத்துறையின் தடை இருக்கிறது. முற்றத்தில் காயும் பாசியும் மூலையில் கிடக்கும் சாக்கும் ஆய்வாளருக்கு வெறும் தரவாக இருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கோ, பிறர் கைக்குப் போனால் வழக்காகிவிடக்கூடிய சான்று அது.

ஆகவே, இப்பகுதியில் இத்தகைய ஆய்வுக்கு அனுமதி வழங்கும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுக்கள், குடும்பத் தலைவரின் கையெழுத்தோடு நிறைவடைந்துவிடக் கூடாது. படத்தில் வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் தனியே இசைவு பெற வேண்டும். நினைத்த நேரத்தில் கேமராவை அணைக்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். எடுத்த படத்தை அவருக்கே முதலில் போட்டுக் காட்டி, வேண்டாமென்று அவர் சொல்லும் பகுதியை அவர் கண்முன்னே அழிக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே எழுதிச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, தங்கச்சிமடம்,
இராமநாதபுரம் மாவட்டம்.