பறித்ததைப் ‘பறித்தார்கள்’ என்றே எழுதக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
வியாசர்பாடி, மகாகவி பாரதி நகர், சர்மா நகர் பகுதிகளில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவ மாணவியர்.

பெறுநர்:
காவல் துணை ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: கத்தியைக் காட்டிக் கைப்பேசி பறிப்பது – புகாரைக் ‘காணவில்லை’ என்று மாற்றி வாங்குவதை நிறுத்தி, உரிய பிரிவில் வழக்குப் பதியக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் கொடுத்த 3 மனுக்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரயிலடிப் படியிறங்கி மதிலோரமாகக் குடியிருப்புக்கு வரும் வழி தாங்கள் அறியாததல்ல. மழைக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறிவிட்டால், சுற்றி வரும் சந்துகள் எப்படி இருக்கும் என்பதும் தாங்கள் அறிந்ததே. ஆகவே இடத்தை விவரிக்காமல் குறையை மட்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. மாலைக் கல்லூரி, ஆய்வகம், பகுதிநேர வேலை முடிந்து நாங்கள் திரும்பும் நேரம் இரவு 9 முதல் 11 வரை. பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள். பின்னால் இருப்பவன் கத்தியை எடுக்கிறான். போனை மட்டும் கேட்பதில்லை, திரைப்பூட்டு எண்ணையும் யுபிஐ ரகசிய எண்ணையும் கேட்கிறான். அறைக்கு வந்து அடுத்தவர் போனில் இணையப் பண மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைப்பதற்குள் கணக்கில் பணம் இருப்பதில்லை.

2. எங்களுக்கு அதிகம் வலிப்பது இதற்குப் பிறகு நடப்பது. காவல் நிலையத்தில் முதல் கேள்வி, “எந்த காலேஜ், எந்த ரூட்டு?” பஸ்ஸிலும் ரயிலிலும் ‘ரூட்டு தல’ (வழித்தட மாணவர் கும்பலின் தலைவன்) என்று திரிபவர்கள் வேறு, நாங்கள் வேறு என்று விளக்கவே அரை மணி நேரம் போகிறது. அடுத்து, “தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடு, வேலை சீக்கிரம் முடியும்” என்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். என்னும் புகார் ரசீது உடனே வருகிறது. கத்தி என்று எழுதினால், ஆய்வாளர் வரட்டும், நாளை வா என்கிறார்கள்.

ஐயா, அந்த ஒரு சொல்லை மாற்றுவதால் என்ன ஆகிறது என்பதைத் தயவுசெய்து பாருங்கள். ‘காணவில்லை’ என்றால் குற்றமே நடக்கவில்லை, தேடப்பட வேண்டியவனும் இல்லை. பறிப்பு என்றால் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 304-வது பிரிவு, 3 ஆண்டு வரை சிறை. கத்தி காட்டினால் அது கொள்ளை. 309-வது பிரிவில் 10 ஆண்டு வரை உண்டு. பத்தாண்டுக் குற்றத்தை எங்கள் கையாலேயே எங்கள் கவனக்குறைவு என்று எழுத வைக்கிறார்கள். நாளை அவன் வேறு வழக்கில் பிடிபட்டாலும், எங்கள் போனை அவன் பறித்ததாக எந்தத் தாளிலும் இருக்காது.

‘நாளை வா’ என்பதற்கும் ஒரு விலை உண்டு. தொலைந்த போனை முடக்கும் அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (போனின் அடையாள எண்) முடக்கப் புகார் எண்ணும் நகலும் வேண்டும். ஓ.டி.பி. வர மாற்று சிம் வேண்டும். மாற்று சிம் வாங்கினால் குறுஞ்செய்தி வர 24 மணி நேரம் வரை ஆகிறது. இதற்கு நடுவில் போனைப் பிரித்துத் திரையும் பேட்டரியும் தனித்தனியாக விற்றுவிட்டால் முடக்கி என்ன பயன்? உதவித்தொகைக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் ஓ.டி.பி. வரும் எண்ணும் அதுவேதான். போன் போனதோடு பருவமும் போகிறது.

3. படிக்கட்டு வரை ரயில்வே போலீஸ் எல்லை, இறங்கினால் உங்கள் எல்லை என்கிறார்கள். அங்கே போனால் இங்கே, இங்கே வந்தால் அங்கே. குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்றுதான் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(1) சொல்கிறது. சட்டம் எங்களைவிட உங்களுக்குத் தெரியும். பிறகு ஏன் ஐயா இந்த அலைச்சல்?

4. ரோந்துக் காவலர் வந்ததற்குக் கையெழுத்திடும் பட்டா புத்தகம் பெரிய சாலையில் தொங்குகிறது. திருடன் சந்தில் நிற்கிறான்.

5. கடைக் கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்து, அதன் மேலேயே புதியது பதிவாகிவிடுகிறது. வழக்கு எண் இல்லாமல் கடைக்காரர் காட்ட மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. எல்லாம் சுற்றி அந்த ஒரு சொல்லுக்கே வந்து நிற்கிறது.

இந்த ஊரை நாங்கள் பழிக்கவில்லை. நாங்கள் வந்து சேரும் வரை இட்லிக்கடை விளக்கை அணைக்காமல் வைத்திருப்பவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தாம். அவர்கள் பிள்ளைகளும் இதே வழியில்தான் நடக்கிறார்கள்.

எந்த நிலையம், எந்த அலுவலர் என்று இதில் எழுதவில்லை. நாளை நாங்கள் போய் நிற்க வேண்டியதும் அதே வாசலில்தான்.

ஆகவே நாங்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வாங்கவும், முதல் தகவல் அறிக்கையின் நகலை 173(2)-இன்படி கட்டணமின்றித் தரவும், அன்றிரவே புகார் எண் கொடுக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். பட்டா புத்தகம் ஒன்றைப் படிக்கட்டின் அடியில், 9 மணிக்கும் 11 மணிக்கும் தனித்தனியே கையெழுத்திடும்படி வைக்கவும் வேண்டுகிறோம். இந்த மனுவை 173(4)-இன்கீழ் எழுத்து மூலம் தந்த தகவலாகவும் ஏற்க வேண்டும். இதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பிரிவு காட்டும் அடுத்த இடம் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். தேர்வு நேரத்தில் எங்களை அங்கே அனுப்பாதீர்கள் ஐயா. பறித்தார்கள் என்று சொன்னால் பறித்தார்கள் என்றே எழுதச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மாணவ மாணவியர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல் 3, கையெழுத்துப் பட்டியல். (பட்டியலில் கைப்பேசி எண் இல்லாத பெயர்கள், எண்ணை இன்னும் திரும்பப் பெறாதவர்களுடையவை.)