பி.எல் பார்க்கிற எங்களையும் கொஞ்சம் கேளுங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கட பேப்பர்ல வாசகர் கடிதப் பக்கத்துல ஒரு ஐயா எழுதியிருந்தாரு, வெளிநாட்டு நாடகம் பார்த்து நம்மட பொம்புளப் புள்ளைகள் கெட்டுப் போகுதுகள், அதுலயும் ரெண்டு ஆம்புளைகள் காதலிக்கிற கதைய ராவு ராவா போனுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பார்க்குதுகள், இது என்ன காலக்கொடுமை எண்டு. ஐயா ஒரு எபிசோட் கூட முழுசாப் பார்க்கல்ல எண்டு அவர்ட எழுத்துலயே விளங்குது, தாய்லாந்து சீரிஸ கொரியா எண்டு எழுதியிருக்காரு. சரி அது போகட்டும். ஆனா அவர் கேட்ட ஒரு கேள்வி நல்ல கேள்வி. "ரெண்டு ஆம்புளைகள்ட கதையில பொம்புளைக்கு என்ன வேலை?" அதுக்கு மட்டும் பதில் எழுதுவம் எண்டுதான் துவங்கினன், கடிதம் நீண்டு போச்சு, வெட்டிறதெண்டா நீங்களே வெட்டுங்க.

முதல்ல ஒரு விசயம். பி.எல் எண்டா பாய்ஸ் லவ், இது நேத்து முளைச்சதில்ல. ஜப்பான்ல 1970கள்ல பொம்புளைகள் கீறின படக்கதைகள்ல துவங்கினது, கீறினதும் பொம்புளைகள், வாசிச்சதும் பொம்புளைகள். அதால நாங்க எங்கயோ புகுந்து எட்டிப் பார்க்கல்ல, எங்களுக்கெண்டு போட்ட பந்தியிலதான் இருக்கம்.

நான் துவங்கினது 2020ல, கொரோனா ஊரடங்குல. அப்ப 'டுகெதர்' எண்டு ஒரு தாய்லாந்து சீரிஸ் போய்க்கிட்டிருந்த நேரம், யூடியூப்ல ஒரு எபிசோட நாலு துண்டாப் போடுவாங்க, டேட்டா முடிஞ்சா மூணாவது துண்டோட நிண்டுரும், மறுகா ரீலோட் பண்ற வரைக்கும் மனசு அங்கயே கிடக்கும். இப்ப கல்முனையில வேலை, பஸ்ஸில ஆரையம்பதி வந்து சேரக்குள்ள ஒரு எபிசோட் முடிஞ்சிரும், பக்கத்துல ஆரும் வந்து இருந்தா போனக் கொஞ்சம் சரிச்சுப் பிடிக்கிறது. அவ்வளவுதான் என்ட கெட்டுப்போன வாழ்க்கை.

பொம்புளைக்கு என்ன வேலை எண்ட கேள்விக்கு வாறன். நான் ஏ.எல் படிக்கக்குள்ள டியூசன் முடிஞ்சு வாற வழியில ஒரு பொடியன் சைக்கிள்ல பின்னால வருவான். எட்டு மாசம் வந்தான். ஒரு நாளும் ஒரு வார்த்தை கதைக்கல்ல, உனக்கு விருப்பமா எண்டு கேக்கல்ல, நான் நிண்டா நிப்பான், நடந்தா உருட்டிக்கிட்டு வருவான். ஒரு நாள் பிளேட்டால கையில என்ட பேர்ட முதல் எழுத்த வெட்டிப்போட்டு வந்து நிண்டான். எனக்கு ராவு நித்திரை இல்ல. வீட்ட சொன்னா பெரியம்மா சொல்லுறா, "பாவம் புள்ள அந்தப் பொடியன், உனக்காக எவ்வளவு கஷ்டப்படுறான்." நான் ரோட்ட மாத்தி ரெண்டு கிலோமீட்டர் சுத்திப் போய் வந்துதான் சோதினை எழுதினன். தமிழ்ப்படத்துல இதே வேலைய ஹீரோ செஞ்சா பாட்டுப் போடுவாங்க. அதால படத்துல ஒருத்தன் ஒருத்திக்குப் பின்னால போகத் துவங்கினாலே எனக்கு வயித்தக் கலக்கும், நான் அந்தப் பொம்புளயாத்தான் இருந்து பார்ப்பன், காதலப் பார்க்க மாட்டன், எந்த ரோட்டால தப்புறது எண்டு பார்ப்பன். பி.எல்லில அந்தப் பயம் இல்ல. திரையில நான் இல்ல. ரெண்டு பேரும் ஒரே உசரம், ஒரே பெலன், அவன் தள்ளினா இவனும் தள்ளுவான். அப்பதான் முதல் முதலா நிம்மதியா இருந்து காதல் எண்டா என்னெண்டு பார்த்தன். ஐயாவுக்கு என்ட பதில் இதுதான்.

ஜப்பான்ட 'செரி மேஜிக்' 2020ல வந்தது. அடாச்சி எண்டு ஒரு ஆபீஸ் பொடியன், ஒருத்தியயும் ஒருத்தனயும் தொடாம முப்பது வயசாகுது, அண்டையில இருந்து ஆரத் தொட்டாலும் அவங்கட மனசுக்குள்ள ஓடுறது இவனுக்குக் கேக்கும். கூட வேலை செய்யிற குரோசாவா எல்லாருக்கும் பிடிச்ச கெட்டிக்காரன், அவன்ட மனசுக்குள்ள பார்த்தா முழுக்க இவன். ஆபீஸ் பார்ட்டியில விளையாட்டு ஒண்டு வைக்கிறாங்க, அதுல ரெண்டு பேரும் முத்தம் குடுக்கணும் எண்டு வருது, சுத்தி நிக்கிறவனெல்லாம் கத்துறான். குரோசாவாவுக்கு இது உள்ளுக்குள்ள எவ்வளவு ஆசை எண்டு எங்களுக்குத் தெரியும், ஆனா அடாச்சி பயந்துபோய் இருக்கிறதக் கண்டவன் நெத்தியில மட்டும் முத்தம் வச்சிட்டு விலகிருவான். அந்த ஒரு செக்கன நான் எத்தின தரம் பின்னுக்கு இழுத்துப் பார்த்திருப்பன் எண்டு கணக்கில்ல. சந்தர்ப்பம் கையில கிடைச்சும் எடுக்காம விடுற ஆம்புளய நான் அதுக்கு முதல் எந்த நாடகத்துலயும் காணல்ல.

ஆனா இதே சீரிஸ்ல எனக்கொரு முரண்பாடும் இருக்கு. மனச வாசிக்கிறதெண்டா கேக்காம எடுக்கிறதுதானே? ஒருத்தன் சொல்லாததத் தெரிஞ்சுக்கிட்டு அதுக்கேத்த மாதிரி நடக்கிறது வசதிதான், நேர்மையா எண்டா இல்ல. அடாச்சிக்கே அது உறுத்துது, கதையும் அந்த உறுத்தலுக்குள்ள போறதாலதான் நல்ல கதை. கடைசி எபிசோட்ல லிஃப்டுக்குள்ள ரெண்டு பேரும் கிட்ட வர கதவு மூடிரும், முத்தத்தக் காட்ட மாட்டாங்க. அண்டைக்கு நான் போனத் தலகணியில எறிஞ்சன், பொய் சொல்லல்ல. இப்ப யோசிச்சாலும் அது கண்ணியம் எண்டு எனக்குப் படல்ல, டீவிக்காரன்ட பயமாத்தான் படுது.

இனி என்ட பெத்தாட கதை. பெத்தாக்கு எழுவத்தி ஒம்பது வயசு, சப்டைட்டில் வாசிக்கத் தெரியா, நான் நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லணும். 2021ல வந்த 'எ டேல் ஆஃப் தவுசண்ட் ஸ்டார்ஸ்' போட்டன். பணக்காரப் பொடியன் ஒருத்தனுக்கு இருதய ஒப்பரேசன், செத்துப்போன ஒரு டீச்சர்ட இருதயத்த அவனுக்கு வைக்கிறாங்க, அவன் அவட டயரிய வாசிச்சுப்போட்டு அவ படிப்பிச்ச மலையூருக்கே வாத்தியாராப் போறான். அங்க காடு காக்கிற ஒபிசர் ஒருத்தன். அவன் யூனிஃபோமோட வந்து நிண்டதும் பெத்தா எழும்பிட்டா. "வேணாம் மகள், ஆமிக்காரன்ட கதை எனக்கு வேணாம், நிப்பாட்டு" எண்டா. அது ஆமி இல்ல பெத்தா, காட்டிலாகா எண்டு சொன்னன். "எல்லாம் ஒண்டுதான்" எண்டு குசினிக்குள்ள போயிட்டா. எங்கட பக்கத்துல அந்த வயசு ஆக்களுக்கு யூனிஃபோம் எண்டா என்னெண்டு நான் உங்களுக்கு எழுதத் தேவையில்ல.

நான் போனில பார்த்துக்கிட்டே இருந்தன், அவ வெத்திலைய மடிச்சிக்கிட்டு மெல்ல வந்து கதவு நிலையில சாஞ்சா. பிறகு கட்டில்ல இருந்தா. அந்த ஒபிசர் பூப்பா எண்டவன் அதட்டிக் கதைக்கிறவன்தான், ஆனா வாத்திப் பொடியன் மேல கை வச்சு இழுக்கிறவனில்ல, தள்ளி நிண்டு பார்த்துக்கிட்டே இருப்பான், எபிசோட் எபிசோடா அப்படியே போகும், இப்பவாச்சும் சொல்லேன்டா எண்டு எங்களுக்கே வெறுத்துப் போகும். ரெண்டு பேருக்கும் இடையில என்ன எண்டு பெத்தாக்கு நான் வாயால சொல்லல்ல. அவ பார்த்துட்டு வெத்திலச் சாத்த ஒதுக்கிக்கிட்டு சொன்னா, "யூனிஃபோம் போட்ட ஒருத்தன் ஒராள்ட கேட்டு நடக்கிறத நான் இப்பதான் பாக்கன்." அவ்வளவுதான். ஆம்புளையோட ஆம்புளையா எண்டு அவ கேப்பா எண்டு நான் பயந்துக்கிட்டிருந்தது அவட வாயில வரவேயில்ல.

இதெல்லாம் எழுதினதால பி.எல் எல்லாம் தங்கம் எண்டு நினைச்சுராதீங்க. குப்பை கிடக்கு, கனக்கக் கிடக்கு. குடிச்சுப்போட்டு நித்திரையில கிடக்கிறவனத் தொடுறது, வேணாம் எண்டு தள்ளுறவனச் சுவரோட அமத்திப் பிடிக்கிறது, அதுக்குப் பின்னால மெல்லிசா ஒரு பியானோ. சைக்கிள்காரனுக்குத் தமிழ்ப்படம் செஞ்ச அதே வேலை. பார்க்கிறவங்களும் கொமெண்டுல இதயம் இதயமாப் போடுவாங்க, பொம்புளைக்கு நடந்தா குற்றம், பொடியனுக்கு நடந்தா க்யூட்டா?

'சோட்டஸ்' எண்டு 2016ல வந்தது, தாய்லாந்து பி.எல் இந்தளவுக்குப் பரவினதுக்கு அதுவும் ஒரு பெரிய காரணம். எஞ்சினியரிங் பகுதி, சீனியர் ஜூனியர போட்டு வாட்டுற கதை, எங்கட பாஷையில சொன்னா ராகிங். எல்லாரும் அத உருகி உருகிப் பார்க்க எனக்கு ஒட்டல்ல. நானும் கெம்பஸ் போனவள்தான், எந்தக் கெம்பஸ் எண்டு எழுதல்ல, முதலாம் வருசம் மாசக்கணக்கா ரெட்டைப் பின்னல், நீளப் பாவாடை, அக்காமாரக் கண்டா தலைய நிமித்தக் கூடா. 1998லயே ராகிங்குக்கு எதிரா நாட்டுல சட்டம் போட்டாச்சு, சட்டம் கெம்பஸ் கேட்டுக்கு வெளியில நிண்டுது. அதால கத்திக் கட்டளை போடுற சீனியர் ஆதித் கடைசியில நல்லவன், பால் குடிக்கிற பச்சைப்புள்ள எண்டு காட்டக்குள்ள என்ட கை தானா முன்னுக்குத் தள்ளிரும்.

அதுல ஜூனியர் சீனியரப் பார்த்து முதல் எபிசோட்லயே சொல்லுவான், உன்ன என்ட பொஞ்சாதியாக்கினா உன்ட சாமான் என்ட சாமான்தானே எண்டு. இந்தப் பொஞ்சாதிக் கதை தாய்லாந்து சீரிஸ்ல கனகாலம் ஓடினது, ரெண்டு பொடியன்ல ஆரு புருசன் ஆரு பொஞ்சாதி எண்டு பங்கு பிரிக்காட்டி அவங்களுக்கு நித்திரை வராது. எனக்கு இது சிரிப்பு. எங்கட மட்டக்களப்புல குடி, அதாவது குலம், தாய் வழியாத்தான் வாறது, வீடு பொம்புளைக்குத்தான் எழுதுறது, மாப்பிள்ளைதான் பெட்டிய எடுத்துக்கிட்டு பொஞ்சாதி வீட்டுக்கு வாறாரு. உன்ட சாமான் என்ட சாமான் எண்டு வாயத் திறந்தா மாமியார் வாசல்லயே நிப்பாட்டிருவா.

இன்னொண்டு, விசிறிகள். நடிக்கிற ரெண்டு பேரும் நெசத்துலயும் ஜோடியா இருக்கணும் எண்டு அடம்பிடிக்கிறது, ஒருத்தனுக்குப் பொம்புளச் சினேகிதி இருக்கு எண்டு தெரிஞ்சா துரோகி எண்டு ஏசுறது. கொம்பனியும் விடாது, ஜோடி ஜோடியா விளம்பரத்துல நிக்க வச்சு சோப்பு விக்கும். அவங்கட சொந்த வாழ்க்கைய நாங்க எந்த நாள் கேட்டம்?

எனக்கும் ஓட்டை இருக்கு, ஒளிக்க மாட்டன். கொரியாட 'செமான்டிக் எரர்'ல ஒருத்தன் குறூப் வேலையில கை குடுக்காத சீனியர்ட பேர வெட்டி விட்டுருவான், சீனியர்ட டிகிரி நிண்டுரும். மறுகா அந்த சீனியர் இவனுக்குப் பின்னால திரிஞ்சு திரிஞ்சு கரைச்சல் குடுப்பான். என்ட சைக்கிள் அளவுகோல வச்சா அவன் பெயில். நான் அத நாலு தரம் பார்த்திட்டன். பேர வெட்டினவன் பக்கம் நியாயம் இருக்கிறதாலயா, நடிச்சவன்ட முகத்தாலயா எண்டு கேக்காதீங்க.

பெத்தாக்கு இப்ப பிடிச்சது 'வட் டிட் யூ ஈட் யெஸ்டர்டே'. இது பி.எல்லே இல்ல எண்டு சண்டை பிடிக்கிறவங்களும் இருக்காங்க, இருக்கட்டும். நடுத்தர வயசு ஆம்புளைகள் ரெண்டு பேர், ஒருத்தர் லோயர், மத்தவர் தலைமயிர் வெட்டுறவர், ஒரே வீட்டுல இருக்காங்க. லோயர் நேரத்துக்கு ஆபீஸால வெளிக்கிட்டு மலிவு விலையில மரக்கறி தேடித் திரிவாரு, மாசச் சாப்பாட்டுச் செலவு 25,000 யென்னுக்குள்ள நிக்கணும் எண்டு கணக்கு. முத்தம் இல்ல, கட்டிப்பிடிக்கிறது அரிது. சமைப்பாரு, மேசையில வைப்பாரு, மத்தவர் ஒரு வாய் வச்சதும் முகம் மலரும். அதப் பார்த்து பெத்தா, "உன்ட பெத்தப்பா நாப்பத்தாறு வருசத்துல ஒரு நாள் தேத்தண்ணி ஊத்தித் தந்திருப்பாரா" எண்டா. கறிக்கு உப்புக் காணுமா எண்டு கூட அந்த மனிசன் சொன்னதில்லையாம், காணாட்டி தள்ளி வைப்பாராம்.

ஐயா கலாசாரம், சட்டம் எண்டும் எழுதியிருந்தாரு. தாய்வான்ல 2019 மே மாசத்துல இருந்து, தாய்லாந்துல 2025 ஜனவரியில இருந்து ஆம்புளையும் ஆம்புளையும் சட்டப்படி கலியாணம் கட்டலாம். எங்கட நாட்டுல வெள்ளைக்காரன் 1883ல எழுதின தண்டனைச் சட்டம், அதுல இப்படிச் சேர்றதக் குற்றமாக்கிற 365, 365அ பிரிவு. அத மாத்துற மசோதா அரசியலமைப்புக்கு முரணில்ல எண்டு உயர் நீதிமன்றம் 2023ல சொல்லியும் இருக்கு. வெள்ளைக்காரன்ட புத்தகத்தக் கலாசாரம் எண்டு ஐயா தூக்கிப் பிடிக்கிறாரு. இதுக்கு மேல சட்டம் எனக்குத் தெரியா, தெரிஞ்ச ஆக்கள் எழுதட்டும்.

கடிதம் போட்டா என்ட பேரப் போட வேணாம், ஊர மட்டும் போடுங்க. அம்மாவும் உங்கட பேப்பர்தான் வாசிக்கிறவ. பெத்தாட பேரப் போடவா எண்டு அவட்டயே கேட்டன். "போடு, ஆனா அந்தக் காட்டிலாகாப் பொடியனும் வாத்தியும் பிறகு என்னெண்டு இருக்காங்க எண்டும் கேட்டு எழுது" எண்டா. பேர நான்தான் போடல்ல.

இப்படிக்கு,
வாசகி,
ஆரையம்பதி.