வலியை அடக்கிக்கொள்ளாதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய சிடி ஸ்கேன் படங்களைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் மேல்தளம் வெளிப்புறத்தில் பிளந்து, ஒரு துண்டு உள்ளே அமுங்கியிருக்கிறது. எலும்பு மருத்துவர் ஷாட்ஸ்கர் இத்தகைய முறிவுகளுக்கு 1979-இல் வகுத்த ஆறு வகைகளில் இது இரண்டாவது. மூட்டுக்குள் கேமரா செலுத்திப் பார்த்தபடியே அமுங்கிய துண்டைத் தூக்கி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து நிறுத்துவது இதற்கு ஏற்ற முறைதான். ஆனால் "சின்ன ஓட்டைதானே அம்மா" என்று நீ சொன்னதை, எலும்பு முறிவு வார்டில் செவிலியராக இருந்த என்னால் ஏற்க முடியவில்லை.

மூட்டுக்குள் தெளிவாகத் தெரிவதற்காக உப்புநீரைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். எலும்பு உடையாத முழங்காலில் அந்த நீர் பெரும்பாலும் மூட்டுறைக்குள்ளேயே நின்றுவிடும். உனக்கோ எலும்பே பிளந்திருப்பதாலும், மூட்டுறையும் கிழிந்திருக்கக்கூடும் என்பதாலும், அழுத்தம் மிகுந்தால் நீர் அந்த வழியே கீழ்க்காலுக்குள் இறங்கிவிடலாம். அங்கே தசைகள் எளிதில் விரியாத உறைகளுக்குள் நான்கு அறைகளாக அடைபட்டிருக்கின்றன. அறைக்குள் அழுத்தம் ஏறினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்திலேயே தசையும் நரம்பும் மீளமுடியாதபடி கெட்டுவிடும். உறையை நீளக் கீறித் திறப்பதைத் தவிர அதற்கு வேறு வைத்தியம் இல்லை. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று நாங்கள் அஞ்சுவது இதைத்தான். நீரைக் குறைந்த அழுத்தத்தில் விட்டு, கெண்டைச் சதையை அடிக்கடி தொட்டுப் பார்க்கும் மருத்துவர்களின் கையில் இது அரிது. என்றாலும் நீரின் துணையில்லாமல் முறிவு மட்டுமே இதை உண்டாக்கவும் கூடும்.

ஆகவே முதல் இரவில், ஊசி போட்டும் அடங்காமல் வலி ஏறினாலோ, கால்விரலைப் பிறர் அசைத்தால் தாங்க முடியாமல் போனாலோ, கெண்டைச் சதை கல்லாக இறுகினாலோ, உடனே மருத்துவரை அழைக்கச் சொல். பாதத்தில் நாடி துடிக்கிறது என்பதால் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதே. நாடி மறைவதற்கு வெகு முன்பே தசை கெட்டிருக்கும். காலை மரக்கச் செய்யும் ஊசி இந்த வலியை மறைத்துவிடக்கூடும் என்பதையும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள். சிறு வயதிலிருந்தே நீ வலியை வெளியே சொல்லாதவன். அன்றைக்கு அந்தக் குணம் உதவாது.

பிறகு வருபவை மெதுவாக வரும். காலில் உறையும் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்பதால், மூச்சுத்திணறலையோ கால் வீக்கத்தையோ அலட்சியம் செய்யாதே. காய்ச்சலோடு மூட்டு சூடாகி வீங்கினால் சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளையருகே தோல் மரத்திருப்பது பெரிய விஷயமல்ல. மூட்டு இறுகுவதுதான் பலரையும் வாட்டுகிறது; அதைத் தவிர்க்க, மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே மடக்கிப் பழகு, ஆனால் அவர் சொல்லும்வரை அந்தக் காலில் பாரம் ஏற்றாதே, ஏற்றினால் தூக்கி நிறுத்திய துண்டு மறுபடி அமுங்கும். சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். இனி அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளே வந்துவிடுவேன். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி வை. இரவு வார்டில் நானே உடன் இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா